பிரேக் பிடித்த குற்றம்

அருந்தினை சிறுதானிய உணவு நிறுவனத்தின் உரிமையாளர் தீனதயாளன், ஏற்காட்டில் நடந்த ஐந்து நாள் தலைமைப் பயிற்சி முகாமுக்குப் போகும்போது முதலாளியாகத்தான் போனார். திரும்பி வரும்போது தலைவராகிவிட்டிருந்தார். முதலாளியாக இருந்தவரை அவரால் யாருக்கும் பெரிய தொல்லை கிடையாது. காலையில் வந்து ஒரு மூச்சு கத்துவார். சாமையில் கல் கிடக்கிறது என்பார். யாராவது ஒருவரை வேலையை விட்டுப் போகச் சொல்லுவார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதை மறந்தும்விடுவார். தலைவரிடம் அந்தச் சௌகரியம் இல்லை. தலைவர் கத்துவதில்லை, தோளில் கை போட்டுப் பேசுகிறார்.

நிறுவனம் இருப்பது கச்சிராயபாளையத்துக்கு அப்பால், கல்வராயன் மலை ஏறத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால். மலையில் விளையும் சாமையையும் தினையையும் புடைத்து, வறுத்து, கஞ்சி மாவு, உப்புமா மிக்ஸ், இட்லிப் பொடி என்று பொட்டலம் போட்டுச் சென்னைக்கு அனுப்புவார்கள். பொட்டலத்தின் மேல் ஒரு மலைப்பெண் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நிற்பாள். படத்தில் இருப்பவள் கோயம்புத்தூர்க்காரி. உள்ளே வேலை பார்க்கும் நிஜ மலைப்பெண்கள் அப்படிச் சிரித்து வெற்றிசெல்வன் பார்த்ததில்லை.

வெற்றிசெல்வன் கம்பெனி வேன் டிரைவர். அவனும் மலைக்காரன்தான், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் வீடு. காலையில் ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வருவதும், சாயங்காலம் அவர்களை மேலே கொண்டுபோய் விடுவதும் அவன் வேலை. அந்தப் பெண்களில் அவன் மனைவி சிவரஞ்சனியும் ஒருத்தி. ஆகவே வண்டியில் ஒரு கோளாறு என்றால் அவன் கொஞ்சம் கூடுதலாகவே குனிந்து பார்ப்பான்.

தலைவர் வந்த மறுநாளே 'எழுச்சி நேரம்' தொடங்கிவிட்டது. காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் முற்றத்தில் வட்டமாக நிற்க வேண்டும். நடுவில் தீனதயாளன் மைக்கோடு நிற்பார். ஒவ்வொருவரும் நெஞ்சில் கை வைத்து, "நான் ஒரு தீ" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். வறுவல் பிரிவில் இருக்கும் பெரியம்மாளுக்கு அறுபதை நெருங்கும் வயது. நாள் முழுக்க அடுப்புப் பக்கத்திலேயே வெந்துகொண்டிருப்பவள். அவள் இதைச் சொல்லும்போது முகத்தில் எந்த மாற்றமும் இருக்காது. தலைவர் அதைத் தன்னம்பிக்கை என்று பாராட்டினார்.

சாயங்காலம் வேறொரு சடங்கு. வாசலில் ஒரு பலகை. தலைவரின் பேச்சு இன்று தன்னை எவ்வளவு எழுப்பியது என்பதைக் காட்ட ஒவ்வொருவரும் அதில் ஒரு முகத்தை ஒட்டிவிட்டுத்தான் வெளியே போகலாம். சிரிக்கிற முகம், பல் தெரியச் சிரிக்கிற முகம், ஆனந்தக் கண்ணீர் வடிக்கிற முகம் என்று மூன்றுதான் இருந்தன. வேறு முகம் அச்சடிக்க ஆர்டர் கொடுக்கவில்லை. பெரியம்மாள் தினமும் கண்ணீர் வடிக்கிற முகத்தையே ஒட்டினாள். ஏன் என்று வெற்றிசெல்வன் கேட்டதற்கு, "கண்ணுல தண்ணி இருக்கறது அது ஒண்ணுதான கண்ணு" என்றாள்.

எந்தப் பிரிவு அதிகம் எழுச்சியடைகிறது என்று வாரா வாரம் கணக்குப் பார்த்ததில் இட்லிப் பொடிப் பிரிவு முதலிடத்துக்கு வந்தது. தலைவர் பேசும்போது அவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். காய்ந்த மிளகாய் இடித்த கையோடு ஓடி வருகிறார்கள் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அந்தப் பிரிவுக்கு அவர் கோப்பையும் கொடுத்துவிட்டார். எடை போடும் பிரிவில் இருந்த தங்கதுரை அடுத்த வாரத்திலிருந்து எழுச்சி நேரத்துக்கு முன்னால் பொடிப் பிரிவுக்குப் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவான். ரெண்டே மாதத்தில் அவன் மேற்பார்வையாளர் ஆனான். மிளகாயை அவ்வளவு நன்றாகப் பயன்படுத்திக்கொண்ட ஆள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

இந்த நேரத்தில்தான் வேனில் பிரேக் போனது.

ஒரேயடியாகப் போகவில்லை. பெடலை மிதித்தால் மெத்தென்று உள்ளே போகும். ரெண்டு மூன்று தடவை விட்டு விட்டு மிதித்த பிறகு, போனால் போகிறதென்று பிடிக்கும். கச்சிராயபாளையம் மெக்கானிக் சின்னதுரை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தான். "மாஸ்டர் சிலிண்டர் பூட்ச்சி. வீல் சிலிண்டரும் ஒழுவுது. நீ இத்த மலைமேல ஓட்டிக்கினு போறியா? உனக்கு இன்னா கிறுக்கா?" என்றான்.

வெற்றிசெல்வன் நேராக ரம்யாவிடம் போனான். ரம்யா பணியாளர் நலன் பார்க்கும் பெண். வடக்கனந்தல்காரி, சென்னையில் படித்துவிட்டு வந்தவள். நல்ல மாதிரிதான், ஆனால் பேசுவதற்கு முன்னால் முதுகுப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வாள்.

"சார் கிட்ட பிரச்சனைன்னு சொல்லாதீங்கண்ணா. அந்த வார்த்தையை எடுத்தாச்சு. வாய்ப்புன்னு சொல்லணும்" என்றாள்.

"பிரேக்கு பிடிக்கிற வாய்ப்பு இல்லன்னு சொல்லட்டா?"

"இல்லன்னும் சொல்லக் கூடாதுண்ணா."

"அப்ப இன்னாதாம்மா சொல்றது?"

ரம்யா உண்மையாகவே யோசித்தாள். "வேன் முன்னேறிக்கினே இருக்குன்னு சொல்லுங்க" என்றாள். கேலி செய்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தான். இல்லை. அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை.

தலைவர் அறையில் அவன் அப்படியே சொன்னான். "வேன் முன்னேறிக்கினே இருக்கு சார்."

"சூப்பர் வெற்றி!"

"நிறுத்துனாலும் முன்னேறுது சார்."

தீனதயாளனின் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு வாக்கியத்தை அவர் ஏற்காட்டில்கூடக் கேட்டதில்லை. அதை உடனே தன் போனில் குறித்துக்கொண்டார். இதற்குமேல் சுற்றி வளைத்தால் உருப்படாது என்று தோன்றியது வெற்றிசெல்வனுக்கு. "பிரேக்கு பிடிக்கல சார். மாத்தணும். பதினாலு பொம்பளைங்க வராங்க" என்று போட்டு உடைத்தான்.

தலைவர் எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார். "ஒரே ஒரு கேள்வி. நீ பிரேக்கை நம்புறியா, உன்னை நம்புறியா?"

"பிரேக்கத்தான் சார்."

"இதுதான் நம்ம ஜனங்களோட பிரச்சனை" என்றார் அவர். அந்த வார்த்தை தலைவருக்கு மட்டும் தடை செய்யப்படவில்லை. "எங்கப்பா கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மளிகைக் கடை வச்சிருந்தார். அவர்கிட்ட பிரேக் இருந்துச்சு. கடையோட நின்னுட்டார். என்கிட்ட பிரேக்கே கிடையாது. இன்னிக்கு எங்க நிக்கிறேன் பாரு. இந்தக் கம்பெனியில என்னைத் தடுக்க எதுவுமே இல்ல, யாருமே இல்ல. அதுதான் என் பலம். ஒரு வேனுக்கு நான் செலவு பண்ணலாம் வெற்றி. ஆனா பண்ணிட்டா நீ என்ன கத்துக்குவே?"

அப்புறம் 'நான் தடையற்றவன்' என்று எழுதிய ஒரு பேட்ஜை எடுத்து, தன் கையாலேயே அவன் சட்டையில் குத்திவிட்டார். அன்றைக்கு அவர் வாடகைக் காரில் வந்திருந்தார். சொந்தக் கார் சர்வீஸுக்குப் போயிருந்தது. பிரேக் மிதித்தால் லேசாகக் கீச்சென்று சத்தம் வருகிறதாம்.

மறுநாள் காலை மலைமேல் வண்டியை நிறுத்தி, பெண்களிடம் உள்ளதைச் சொன்னான் வெற்றிசெல்வன். யாரும் அழவில்லை, யாரும் தலைவரைத் திட்டவும் இல்லை. பெரியம்மாள்தான் வழி சொன்னாள். மேட்டில் ஏறும் லாரிகளில் கிளீனர்கள் டயருக்கு அடியில் கட்டை போடுவதை அவள் பார்த்திருக்கிறாள். நாலு கட்டைகளை வேனில் போட்டு வைத்துக்கொண்டார்கள். வளைவில் எதிரே வண்டி வந்து நிற்க வேண்டியதானால், கதவோரம் உட்கார்ந்திருக்கும் ரெண்டு பேர் குதித்து ஓடிக் கட்டை போடுவார்கள். ரொம்பச் செங்குத்தான வளைவு வந்தால், அதற்கு முன்னாலேயே எல்லாரும் இறங்கிக் குறுக்குப் பாதையில் நடந்து போய்க் கீழே காத்திருப்பார்கள். வேன் காலியாக வரும். போனால் ஒருவனோடு போகட்டும் என்று ஏற்பாடு.

முதல் நாள் சிவரஞ்சனி இறங்கவில்லை.

"எறங்குடி."

"நீ மட்டும் போவியா? நானும் வரேன்."

"வூட்ல ரெண்டு புள்ளைங்க கீது. ஒருத்தராச்சும் வேணும். எறங்கு."

அவள் இறங்கினாள். குறுக்குப் பாதையில் போகாமல் ரோட்டோரமாகவே வேனுக்குப் பின்னால் ஓடி வந்தாள். கண்ணாடியில் அது தெரிந்தது. அவனுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது, காலோ பெடலை மிதித்துக்கொண்டே இருந்தது.

இது தலைவருக்குத் தெரியாமலே போயிருந்தால் ஒரு மாதிரி ஓடியிருக்கும். ஒரு நாள் தினை வயலைப் படம் எடுக்க அவர் கேமராக்காரரோடு மலைக்குப் போனார். வேனுக்குப் பின்னாலேயே அவர் கார் ஏறியது. வளைவில் மரவள்ளி லாரி ஒன்று எதிரே வர, வேனிலிருந்து ரெண்டு பெண்கள் குதித்தார்கள், கட்டையைச் செருகினார்கள். உள்ளே இருந்தவர்களும் இறங்கி ஓடி வந்து வண்டியைத் தாங்கிப் பிடித்தார்கள். தீனதயாளன் கார் கண்ணாடியை இறக்கினார். அவர் உதடு துடித்தது.

"யாரும் சொல்லல. ஆர்டர் போடல. பாருங்க, அவங்களாவே செய்றாங்க!" என்றார் கேமராக்காரரிடம். "இது எங்கேயிருந்து வந்தது தெரியுமா? காலையில நான் பேசுற பேச்சுலேருந்து வந்தது."

அந்தப் படம் போன்களில் பரவியது. கட்டை போட்ட கைகளில் ஒன்று சிவரஞ்சனியுடையது, ஆனால் படத்தில் பாதி நேரம் தலைவரின் முகம்தான் தெரிந்தது. இதற்கு 'கட்டைக் கோட்பாடு' என்று பெயர் வைத்தார். சென்னையில் ஏதோ ஒரு மேலாண்மை மன்றம் அவரைக் கூப்பிட்டுச் சால்வை போட்டது. ஊர் திரும்பியதும், வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட் துணி விரித்து, அதன்மேல் ஒரு கட்டையைப் படுக்க வைத்தார்கள். வேனில் இருந்த நாலு கட்டைகளில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டதால், பெண்களுக்கு மூன்றுதான் மிச்சம்.

அதற்கப்புறம் பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். கல்லூரி மாணவர்கள், கம்பெனிக்காரர்கள், வெளிநாட்டுக்காரர் ஒருவர்கூட. அவர்கள் வருகிற நாளில் பெண்கள் ஒரே நிறச் சேலை கட்ட வேண்டும். கட்டையைச் செருகும்போது "நாம்!" என்று கத்த வேண்டும். தங்கதுரை முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பான். எதிரே லாரி வராத நாளில், வந்தமாதிரி நினைத்துக்கொண்டு குதிக்க வேண்டும். பெரியம்மாளிடம் ஒரு வெளியூர் அம்மா, குதிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று இங்கிலீஷில் கேட்டாள்; ரம்யா அதைத் தமிழில் சொன்னாள். "முட்டி வலிக்குதுங்க" என்றாள் பெரியம்மாள். ரம்யா முதுகுப் பக்கம் பார்த்துவிட்டு, மண்ணோடு தனக்கு ஒரு பந்தம் ஏற்படுகிறதென்று இவர் சொல்கிறார் என மொழிபெயர்த்தாள். அந்த அம்மா பெரியம்மாளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பிரேக்கைப் பற்றி வெற்றிசெல்வன் இன்னொரு தடவை கேட்டபோது தலைவர் நிஜமாகவே அதிர்ச்சியடைந்தார். "பிரேக்கை மாத்திட்டா இவங்க எதுக்குக் குதிப்பாங்க?" என்றார்.

ஐப்பசி மழையில் அது நடந்தது. சாயங்காலம் மேலே ஏறும்போது எதிரே பஸ் வந்தது. வேன் நின்று, பின்னால் நழுவியது. சிவரஞ்சனி குதித்துக் கட்டையைச் செருகினாள். ஈர ரோட்டில் கட்டை வழுக்கியது. டயர் அதன்மேல் ஏறி இறங்கியது. அவள் கையை இழுத்துக்கொண்டாள், வளையல் மட்டும் நொறுங்கியது. வேன் பின்னால் போய்ச் சாலையோரக் கல்லில் முட்டி நின்றது. அந்தக் கல்லுக்கு அப்பால் ஒன்றும் கிடையாது, வெறும் மழைதான். வெற்றிசெல்வன் இறங்கி வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் இருந்தன. அப்படியே நடுரோட்டில் உட்கார்ந்து அழுதான். 

ஞாயிற்றுக்கிழமை சிவரஞ்சனி தன் கம்மலை அடகு வைக்கக் கழற்றிக் கொடுத்தாள். சின்னதுரை ரெண்டு சிலிண்டரையும் மாற்றி, புது லைனிங் போட்டு, ஆயில் ஊற்றி, பிரேக் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றிக் கொடுத்தான். கூலியில் பாதியைத்தான் வாங்கிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை பெண்கள் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு வழக்கம்போல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் வளைவில் வேன் நின்றது. மிதித்ததும் நின்றது. ரெண்டாவது வளைவிலும் நின்றது. அதற்குப் பிறகு ஒருத்தி கட்டையைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பின்சீட்டில் பேச்சு நின்றுவிட்டது. அடிவாரத்தில் பரிகம் ஊர் வந்தபோது திரும்பிப் பார்த்தான். பதினாலு பேரும் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாய் திறந்திருந்தது, தலையிலிருந்த பூ நசுங்கியிருந்தது. சிவரஞ்சனி ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துத் தூங்கினாள். அவன் ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டினான். இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக அவன் வண்டி ஓட்டியதில்லை.

அந்தச் சந்தோஷம் புதன்கிழமை வரைக்கும் இருந்தது. புதன்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு பெரிய குழு வந்தது. அருந்தினையில் பணம் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்கள். தலைவரின் காரும் அவர்கள் காரும் வேனுக்குப் பின்னாலேயே மலையிலிருந்து இறங்கின. எல்லார் கையிலும் போன் தயாராக இருந்தது. பெரிய வளைவில் பஸ் எதிரே வந்தது. வேன் நின்றது. அவ்வளவுதான். கதவு திறக்கவில்லை, யாரும் குதிக்கவில்லை, "நாம்" என்று ஒரு குரல்கூட இல்லை. தீனதயாளன் ஹாரன் அடித்தார். பஸ் போய்விட்டது. வேனும் அதுபாட்டுக்குப் போயிற்று.

"இது உங்க வேன்தானா?" என்று கேட்டார் பெங்களூர்க்காரர்.

மறுநாள் எழுச்சி நேரத்தில் "நான் ஒரு தீ" கிடையாது. தலைவர் வெற்றிசெல்வனை வட்டத்துக்கு நடுவே கூப்பிட்டு, தோளில் கை போட்டார். அந்தக் கை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது.

"யாரைக் கேட்டு பிரேக்கைச் சரி பண்ணே?"

"உசுரு போவக் கூடாதுன்னுதான் சார். என் கைக்காசுலதான் சார்."

"காசைப் பத்தி யார் பேசினா? நான் இத்தனை மாசமா இவங்களை எழுப்பிக்கினு இருக்கேன். உயிரைக் கொடுத்து எழுப்பறேன். நீ ஒரே ஞாயித்துக்கிழமையில எல்லாத்தையும் கவுத்துட்ட. இவங்களுக்குள்ள ஒரு ஒற்றுமை இருந்துச்சு. ஒருத்தர் உயிர் இன்னொருத்தர் கையில இருக்குங்கிற பயம் இருந்துச்சு. அந்த அழகான பயத்தை நீ எடுத்துட்டே." சொல்லிவிட்டு அவர் பெரியம்மாள் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா. நேத்து வேன்ல வரும்போது உங்க மனசுல என்ன எழுச்சி இருந்துச்சு? பயப்படாம சொல்லுங்க."

பெரியம்மாள் பயப்படவில்லை. "ஒண்ணும் இல்லீங்க. தூங்கிட்டோம்" என்றாள்.

"எல்லாருமா?"

"எல்லாருந்தாங்க. நல்லாத் தூங்கினோம்."

தீனதயாளன் மைக்கைக் கீழே இறக்கினார். அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் பரிதாபம் வரும். "தூங்கிட்டாங்க. கேட்டுக்குங்க. பிரேக் பிடிச்சா இதுதான் நடக்கும்" என்றார்.

தீர்ப்பு மென்மையாகத்தான் சொல்லப்பட்டது. வேனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பழைய சிலிண்டரையே திரும்ப மாட்டினால் போதும், வேறு எதுவும் கேட்கவில்லை.

"மாட்டேன் சார்" என்றான் வெற்றிசெல்வன்.

அந்த வார்த்தையும் அங்கே தடை செய்யப்பட்டதுதான். அருந்தினையில் யாரையும் வேலையை விட்டு நீக்குவது கிடையாது, அது பழைய முதலாளிகளின் வழக்கம். இங்கே 'சிறகு விரிப்பு விழா' நடக்கும். சாயங்காலமே நடந்தது. ஒரு துண்டு போர்த்தினார்கள். வானம் உன்னுடையது என்று தலைவர் பேசினார். அன்றைக்குப் பொடிப் பிரிவில் இல்லாதவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரம்யா துடைக்காமலே நின்றாள். தன் பேச்சுகளில் மிகச் சிறந்தது அதுதான் என்று தீனதயாளன் பின்னால் பலரிடமும் சொன்னார்.

சின்னதுரை போட்ட சிலிண்டரைக் கழற்றிவிட்டு, குப்பையில் கிடந்த பழையதை மாட்டினார்கள். புது டிரைவர் வந்தான். முதல் நாள் காலை பெரியம்மாள் ஏறுவதற்கு முன்னால் அவனிடம் கேட்டாள். "பிரேக்கு கீதா தம்பி?"

"பாதி கீதும்மா."

பெரியம்மாள் ஏறவில்லை. சிவரஞ்சனியும் ஏறவில்லை. அப்புறம் யாருமே ஏறவில்லை. பதினாலு பேரும் குறுக்குப் பாதையில் இறங்கி நடந்தார்கள். நல்ல பிரேக் போட்டால்தான் ஏறுவோம் என்று கம்பெனி வாசலில் நின்று சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டார்கள். யார் சொல்வது என்பதில் போட்டி வந்தது.  வேர்த்து விறுவிறுத்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தலைவர் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் கத்த வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டார்கள். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம்.

அவர் கத்தவில்லை. கும்பிட்டார். பக்கத்தில் கேமராக்காரர் இருந்தார்.

"பாருங்க. வேன் இருக்கு. ஆனாலும் வேண்டாம்னு நடந்தே வந்திருக்காங்க!"

"பிரேக்கு போடுங்க சார், ஏறிக்கிறோம்" என்றாள் சிவரஞ்சனி. நன்றாக, உரக்கவே சொன்னாள். படம் வெளிவந்தபோது அந்த இடத்தில் புல்லாங்குழல் இசை இருந்தது. அவள் வாய் மட்டும் அசைந்தது.

பெங்களூர்க்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பணம் போட்டார்கள். புதுப் பொட்டலம் வந்தது. 'மலையிலிருந்து நடந்தே வரும் கைகள்' என்று அதன்மேல் அச்சடித்திருந்தது. பொட்டலத்தில் அச்சடித்துவிட்டபிறகு நடக்காமல் இருக்க முடியாது. காலையில் நடந்தே இறங்கி வர வேண்டும், சாயங்காலம் நடந்தே ஏற வேண்டும், வாகனத்தில் வந்தால் அன்றைக்கு ஆப்சென்ட் என்று சட்டமானது. தங்கதுரை பைக்கில் முன்னும் பின்னும் போய்ப் படம் எடுத்துக்கொண்டான். நாலு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். நிற்க முடியாதவர்கள் நடந்தார்கள். சிவரஞ்சனிக்கு மீட்க வேண்டிய கம்மலும், வேலையில்லாத புருஷனும், ரெண்டு பிள்ளைகளும் இருந்ததால் அவள் நடந்தாள்.

வேனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. விற்றுவிட்டார்கள். வாங்கியது உளுந்தூர்பேட்டையில் கோழி மொத்த வியாபாரம் செய்யும் அமிர்தம். சீட்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கூண்டு அடுக்கினாள். மலைரோடு தெரிந்த டிரைவர் வேண்டும் என்று விசாரித்ததில் வெற்றிசெல்வன் கிடைத்தான். அமிர்தத்துக்குத் தலைமைப் பண்பு எதுவும் கிடையாது. எடுத்தவுடன் கேட்டாள்: "பிரேக்கு எப்படி கீது?"

"சுத்தமா இல்லீங்க."

"அப்ப மொதல்ல அத்த மாத்து. வண்டி உருண்டு கோழி செத்தா எவன் குடுப்பான்?"

அன்றைக்கே மாற்றியாயிற்று.

மார்கழியில் ஒரு காலை, கோழிகளை ஏற்றிக்கொண்டு அவன் மலை ஏறிக்கொண்டிருந்தான். ஒரு வளைவில் பெண்கள் வரிசையாக இறங்கி வந்தார்கள், குறுக்குப் பாதை பனியில் வழுக்குகிறது என்று ரோட்டிலேயே வந்தார்கள். பின்னால் பைக்கில் தங்கதுரை போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். வெற்றிசெல்வன் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினான். வண்டி இம்மிகூட நகரவில்லை. சிவரஞ்சனி கிட்டே வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவள் கால் விரலில் துணி சுற்றியிருந்தது.

"ஏறு. திருப்பிக்கினு வந்து உட்டுட்டுப் போறேன். எல்லாரும் ஏறுங்க" என்றான்.

"ஆப்சென்ட் போட்ருவான் மாமா. நீ போ."

பெரியம்மாள் கையை ஊன்றி வண்டியின் பக்கத்தில் சாய்ந்தாள். முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். அடியில் கட்டை எதுவும் இல்லை.

"நல்லாப் பிடிக்குதே. பிரேக்கு போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்க பெரீம்மா."

"யாருக்கு?"

வெற்றிசெல்வன் பின்பக்கம் கையைக் காட்டினான். பெரியம்மாள் கூண்டுகளைப் பார்த்தாள். தங்கதுரை பின்னாலிருந்து, சிரித்துக்கொண்டே நடங்க, படம் ஓடுகிறது என்று குரல் கொடுத்தான். பெண்கள் நடந்தார்கள்.